பத்துக் கை

இணையவழிப் பயிற்சியால் இந்த உலகத்தில் இதுவரை ஒருவரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. இதை முழுப் பொறுப்போடு சொல்கிறேன். என்னிடம் முப்பத்தொரு சான்றிதழ்கள் இருக்கின்றன. தீத்தடுப்பு, முதலுதவி, மன அழுத்தத்தைச் சமாளிப்பது, விமானம் கடலில் இறங்கினால் பயணிகளை வரிசையாக வெளியேற்றுவது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் எனக்கு ஒரு வரி தெரியாது. மாட்டுங்காவில் நான் படிக்கும் கல்லூரியில், செமஸ்டருக்கு இத்தனை ஆன்லைன் கோர்ஸ் முடித்தால்தான் ஹால் டிக்கெட் என்று விதி. விதியை மதிக்கிறவன் நான். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது ஏதாவது ஒரு துறையில் தேர்ச்சி பெற்றிருப்பேன்.

அந்த வீடியோக்களைச் சாதாரண வேகத்தில் பார்ப்பவர்களும் உண்டு. நிறுத்துவார்கள், பின்னால் இழுப்பார்கள், குறிப்பு வேறு எடுப்பார்கள். இவர்களைப் பற்றி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் பத்திரிகையில் ‘அழிந்துவரும் உயிரினங்கள்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு. இரண்டு உயிரினங்கள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன.

ஆகவே, தாராவியில் இருக்கும் ‘ஆவுடை ஃபுட்ஸ்’ என்ற இட்லி யூனிட்டில், அதன் முதலாளியும் என் தாய்மாமாவுமான ராஜசேகர் ஒரு காலை ஆவிக்கு நடுவில் நின்று அந்த அறிவிப்பைச் செய்தபோது, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“நெருள்ல ஒரு கேன்டீன் கம்பெனிக்காரன் தெனமும் நாலாயிரம் இட்லி கேக்கான். ஆனா இங்க இருக்க பதினாலு பேரும் அவன் ஆப்புல சாப்பாட்டுப் பாதுகாப்புப் பாடம் படிச்சுப் பாஸ் பண்ணணுமாம். இருவத்தஞ்சாந் தேதிக்குள்ள.”

“ஆப்பு வச்சுட்டான்னு சொல்லுங்க மொதலாளி,” என்றார் அடுப்பைக் கவனிக்கும் கரீம் பாட்சா.

“இன்னும் முடியல வே. அதுல ஒருத்தரு மட்டும் அதுக்குப் பதிலா சூப்பர்வைசர் டெஸ்டு எழுதணும். அப்படி ஆளு நம்மகிட்ட இல்லன்னா, அவனே சர்டிபிகேட் வாங்குன ஒரு ஆள அனுப்புவானாம்.”

எல்லோரும் சங்கரேஸ்வரி அக்காவைப் பார்த்தார்கள். அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அதிகாலை ஷிஃப்டை ஒன்பது வருடமாக நடத்துகிறவர். எந்த மாவு எப்போது புளிக்கும், எந்தப் பையன் எப்போது பொய் சொல்வான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இன்றுவரை ‘ஹெல்பர்’ என்றுதான் இருக்கிறது.

“வாரவன் எப்படி இருப்பான்?” என்று கேட்டார் அக்கா.

“சின்னப் பையனாத்தான் இருப்பான். வெள்ளக் கோட்டு போட்டிருப்பான்.”

“மாவு பதம் என்னன்னு எங்கிட்டயே கேட்டுட்டு, எனக்கே ஆர்டர் போடுவானாக்கும்.” அக்கா ஈரத் துணியை உதறினார். “நான் எழுதுதேன். சூப்பர்வைசருன்னு எழுத்துல வரட்டும். பெறவு பாப்போம்.”

ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் இதைச் சொன்னதும் மாமா என்னைத்தான் பார்த்தார். பட்டியலில் பதினான்காவது பெயர் என்னுடையது. கல்லூரி நேரம் போக ஆன்லைன் ஆர்டரும் பேக்கிங்கும் என் பொறுப்பு.

“எல்லாரும் போனை எங்கிட்ட குடுங்க,” என்றேன். “ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதினாலு பேரும் பாஸ். நீங்க இட்லியப் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை, முக்கியமானவரிலிருந்து தொடங்குவோம் என்று அக்காவின் போனை எடுத்தேன். ‘உங்கள் முகத்தை வட்டத்துக்குள் காட்டுங்கள்’ என்றது செயலி. காட்டச் சொன்னது, காட்டினேன். ‘நன்றி, சங்கரேஸ்வரி’ என்றது. பாடத்தை இரட்டை வேகத்தில் ஓட்டி முடித்து, தேர்வில் நுழைந்து, இருபத்தைந்து கேள்விக்கும் என் வழக்கப்படி மிக நீளமான விடையைத் தேர்ந்தெடுத்தேன். கல்லூரியில் இந்த முறை தவறியதே இல்லை. இங்கே ஒன்பது மார்க் வந்தது. தேறுவதற்கு இருபது வேண்டும். மூன்று வாய்ப்புகளில் ஒன்று தீர்ந்தது என்று செயலி சிவப்பில் தெரிவித்தது. மற்றப் போன்களைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா ஆசையாகப் போனைத் திறந்து வட்டத்துக்குள் தன் முகத்தைக் காட்டினார்.

‘நீங்கள் சங்கரேஸ்வரி அல்ல.’

அக்கா தலையிலிருந்த வலைத்தொப்பியைக் கழற்றினார். முகத்தைத் துடைத்தார். மறுபடி காட்டினார்.

‘நீங்கள் சங்கரேஸ்வரி அல்ல.’

“ஏலே இசக்கி, இது என்னலே சொல்லுது?”

“நீங்க, நீங்க இல்லங்குதுக்கா.”

“அப்ப நான் யாரு?”

பெரிய பெரிய ரிஷிகள் காட்டில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. அக்கா கிரைண்டர் முன்னால் நின்று கேட்டார். பதிலை நான் வைத்திருந்தேன். சொல்லத்தான் சற்று நேரமானது. சொல்லி முடித்ததும் அக்கா என்னைத் திட்டவில்லை. போனை என் கையில் கொடுத்து, “யாருகிட்ட பேசணுமோ பேசு. என் மூஞ்சிய எனக்கு வாங்கிக் குடு,” என்றார்.

செயலியில் உதவி எண் ஒன்று இருந்தது. கம்பெனியின் பயிற்சிப் பிரிவு அதிகாரி எடுத்தார்.

“விஜயலக்ஷ்மி பேசறேன். சொல்லுங்கோ.”

புகைப்படத்தில் ஒரு சிறிய குழப்பம் என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தேடுவது கேட்டது. 

“இந்தச் சங்கரேஸ்வரி தாடி வச்சுண்டிருக்காளே.”

“அது நான் மேடம்.”

“அப்போ இந்த ஒம்பது மார்க்கும் நீங்கதானா?”

“ஆமா மேடம்.”

“நாலு வருஷமா இந்த கோர்ஸ் நடத்தறோம். இவ்வளவு கம்மியா யாரும் வாங்கினதில்லை, கேட்டேளா.”

முகத்தை மாற்றிக் கொடுத்தார். வாய்ப்பைத் திருப்பித் தர முடியாது, போனது போனதுதான் என்றார்.

மற்றவர்கள் பிழைத்தார்கள். எல்லோரும் ஹிந்தியைத் தேர்ந்தெடுத்து, மத்தியான ஓய்வில் பாடம் பார்த்து, தொழிலாளிகளுக்கான தேர்வை ஒவ்வொருவராக முடித்துவிட்டார்கள். அக்காவும் ஹிந்தியில் காய்கறிக்காரரோடு சண்டை போடுவார், போலீஸ்காரரைச் சமாளிப்பார். ஆனால் வீடியோவில் இருந்தது டெல்லி ஹிந்தி. ஆகவே அவர் மட்டும் தமிழ். கேள்வியும் விடையும் குரலிலேயே வந்ததால் வாசிக்கும் தொல்லை இல்லை. போனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினார். கிரைண்டர் சத்தத்தையும் மீறி விஜயலக்ஷ்மி மேடத்தின் குரலே டம்ளருக்குள்ளிருந்து கணீரென்று வந்தது.

“இரட்டை வேகத்துல போடட்டுமாக்கா? ஜல்தி முடிஞ்சிரும்.”

“ஏன், அந்தம்மா ரயிலப் புடிக்கணுமா? மெல்லப் பேசச் சொல்லுலே.”

வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அந்தப் பொத்தானை அதற்கு முன் தொட்டதில்லை.

மூன்றாம் பாடத்தில்தான் அந்த வாக்கியம் வந்தது. “பத்துக் கையோடு மாவைத் தொடாதீர்கள்.”

அக்கா கிரைண்டரை நிறுத்தினார். மாவு மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கரீம் பாட்சாவோடு சேர்த்து ஐந்து பேர் நெருக்கியடித்து நின்று தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது.

“கரீமு, நீ வெளிய வா.”

“எதுக்குக்கா?”

“அஞ்சு பேருன்னா பத்துக் கை. பத்துக் கை மாவுல படக்கூடாதாம். எட்டுதான் கணக்கு.”

“நான் பாத்த ஹிந்தி வீடியோவுல அப்படி ஒண்ணும் வரலையேக்கா.”

“ஹிந்திக்கு ஒரு சட்டம், தமிழுக்கு ஒரு சட்டமாவே? வா வெளிய.”

அன்றுமுதல் மேடையில் நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்றானது. ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் கையை உயரத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை வேகமாக நடந்தது. முழங்கை இடிக்கவில்லை, தட்டு கவிழவில்லை. “ட்ரெய்னிங்குன்னா இதுல்லா ட்ரெய்னிங்கு,” என்று மாமா பூரித்துப்போனார். நான் ‘எட்டுக் கைக் கொள்கை’ என்று ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகையில் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்து உருண்டார்கள்.

வியாழக்கிழமை அக்கா இரண்டாம் முறை தேர்வு எழுதினார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு டம்ளர் கேட்டது: “ஒருவர் பத்துக் கையுடன் சட்னிப் பாத்திரத்தைத் தொட்டுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒருத்தருக்கு ஏதுலே பத்துக் கை?”

எனக்குச் சாமி படம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை.

அடுத்த கேள்வி பத்துக் கரண்டி. அதற்கடுத்தது பத்துத் துணி. அக்கா ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஏதோ வகுத்துப் பெருக்கி விடை சொன்னார். மொத்தம் பதினேழு மார்க். தவறியவை எட்டு. பத்து வந்த கேள்விகள் ஏழு.

மீதி ஒரு வாய்ப்பு. மீதி ஒரு நாள்.

அக்கா போனை டம்ளரிலிருந்து எடுத்துத் துடைத்து, அரிசி மூட்டையின்மேல் வைத்தார். “ஒங்க மாமாகிட்ட ஒரு ஸ்டூலு வாங்கிப் போடச் சொல்லு. கோட்டுக்காரப் பையன் வந்தா உக்கார வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு இட்லித் துணிகளை அலசப் போனார். அலசி முடித்த துணிகளையே மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

இதில் கட்டுரைக்கு விஷயம் இருந்தது. தலைப்புகூட ஓடியது. ஆனால் எழுதக் கை வரவில்லை. இரண்டு வாய்ப்பு இன்னும் மிச்சமிருக்க வேண்டியவருக்கு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அந்த இன்னொன்று எங்கே போனது என்று என் தாடிக்குத் தெரியும்.

மறுநாள் காலை, கல்லூரி வாசலில் நின்று விஜயலக்ஷ்மி மேடத்துக்குப் போன் செய்தேன்.

“மேடம், ஒரு ஆளுக்கு எப்படி மேடம் பத்துக் கை?”

“யாரு, தாடி சங்கரேஸ்வரியா?”

“ஆமா மேடம். அந்தப் பத்து என்ன பத்து?”

“பத்துன்னா பத்து. நம்பர் இல்லை.”

“நம்பர் இல்லாத பத்து எது மேடம்?”

“என்னப்பா இது. சாதத்தைத் தொட்ட கையை அலம்பாம தயிரைத் தொட்டா ஆத்துல கத்தமாட்டாளா? அந்தக் கை பத்து. அந்தக் கரண்டி பத்து. பத்துப் பாத்திரம் தேய்க்கறதுன்னு கேட்டதில்லையா?”

“கேட்டிருக்கேன் மேடம். பாத்திரத்த எண்ணிச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

மேடம் பெருமூச்சு விட்டார். “எங்க ஆஃபீஸ்ல தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். க்ராஸ் கன்டாமினேஷனுக்கு நல்ல தமிழ் வார்த்தை வேணும்னு மூணு நாள் மண்டையை உடைச்சுண்டேன். எங்கம்மா அடுக்களையில இருந்து ‘பத்து, பத்து’ன்னு கத்தினா. ஆஹா, கிடைச்சுடுத்துன்னு அதையே போட்டுட்டேன். தமிழ்க்காரா எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேனே.”

“தமிழ்ல இதுவரைக்கும் எத்தன பேரு மேடம் எழுதியிருக்காங்க?”

அவர் தேடிப் பார்த்தார். “ஒருத்தர். ரெண்டு தடவை. அதுல ஒரு தடவை நீங்க.”

வார்த்தையை இன்றைக்கே மாற்ற முடியுமா என்று கேட்டேன். புதிதாகப் பதிவு செய்து, மேலிடம் பார்த்து, அடுத்த மாதம் ஆகும் என்றார். வைப்பதற்கு முன், “அந்த அக்காகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லு,” என்றார். ‘சொல்லுங்கோ’ எப்போது ‘சொல்லு’ ஆனது என்று கவனிக்கவில்லை. ஓட ஆரம்பித்திருந்தேன்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ரயில் பாலத்தைத் தாண்டி ஓடினால் இருபது நிமிடம். நான் பதினான்கில் வந்தேன். மூச்சு வாங்க, “அக்கா, அது எண்ணு இல்லக்கா,” என்றேன். மற்றதையும் சொன்னேன். அக்கா அசையாமல் கேட்டார்.

“ஏலே, வெந்த இட்லிய எடுத்த கையால பச்ச மாவத் தொடாதிய, சட்னியில கைய விடாதியன்னு நான் கத்துதேன்லா. அதா?”

“அதேதான்.”

“ஒம்பது வருசமா தெனமும் கத்துதேன். அதுக்குப் பத்துன்னு பேராக்கும்.” அக்காவின் முகம் மெதுவாக விரிந்தது. “அந்தம்மா வீட்டுலயும் இதுக்குத்தான் கத்துதாங்களா?”

“சாரி சொல்லச் சொன்னாங்க.”

“சாரி எதுக்கு? டெஸ்ட்டப் போடு.”

மூன்று மணிக்கு, பேக்கிங் பகுதியைப் பிரிக்கும் ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா அமர்ந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்று விரலால் விடையைக் காட்டுகிறேன் என்று நான் முன்வந்தேன்.

“நீ வெளிய போலே. ஒன் மொகத்தப் பாத்தா அது மறுபடியும் நான் நானில்லன்னு ஆரம்பிச்சிரும்.”

யூனிட் முழுக்கத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூடிவிட்டது. யாரும் அடுப்பைக்கூடப் பார்க்கவில்லை. டம்ளருக்குள்ளிருந்து கேள்விகள் வரத் தொடங்கின.

“உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் அபாய வெப்பநிலை எது?”

“அஞ்சு டிகிரிலேர்ந்து அறுவது,” என்று கரீம் பாட்சா முணுமுணுத்தார். இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். மாமாவும் தலையாட்டினார். உள்ளே பொத்தான் அமுங்கும் ‘டிங்’.

“வெளியே எடுத்து வைத்த உணவை எத்தனை மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்?”

“தம்பி, இத நீ சொல்லேன்,” என்றார் கரீம் பாட்சா. “முப்பத்தோரு சர்டிபிகேட் வச்சிருக்கியே.”

“பசி எடுக்கற வரைக்கும்,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் கடைசியில் நின்ற பெண், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான விடையைச் சொன்னாள். ‘டிங்’.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் உதட்டுக்குள் விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாராவியில் அந்த அறையில் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல் நின்ற ஒரே ஆள் நான்தான். 

“ஒருவர் பத்துக் கையுடன் சட்னிப் பாத்திரத்தைத் தொட்டுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?”

‘டிங்’ வரவில்லை. மாமா என் தோளைப் பிடித்தார். பிடி இறுகியது. பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் ஷிஃப்ட் குரல், ஒன்பது வருடமாக எல்லோரும் கேட்டு நடுங்கும் அதே குரல்: “சட்னிய ஒதுக்கி வச்சிட்டு, கையக் கழுவிட்டு வாலே.”

‘டிங்’.

அதற்குப் பின் பத்துக் கரண்டி, பத்துத் துணி, எல்லாம் டிங் டிங் என்று போயின. கடைசிக் கேள்வி முடிந்தது. செயலி மார்க்கைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு விஜயலக்ஷ்மி மேடத்தின் பதிவு செய்த குரல் சொன்னது: “வாழ்த்துகள், சங்கரேஸ்வரி. நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்.”

கரீம் பாட்சா ஒரு இட்லித் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தார். பெண்கள் உள்ளே ஓடினார்கள். மாமா யாரிடமோ கைகுலுக்கினார். பார்த்தால் அது நான்தான். அக்கா வெளியே வந்தார். இருபத்து மூன்று மார்க். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “ரெண்டு தப்புன்னு போட்டிருக்கு. எந்த ரெண்டுன்னு சொல்லமாட்டேங்குது. அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லு.”

மாமா போனில் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். அக்காவின் பெயருக்கு நேரே சூப்பர்வைசர் என்ற சொல் இருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில், மங்கலாக. கீழே ஒரு வரி. மாமா அதை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “பதிமூணு பேர் முடிச்சாச்சு. நிலுவை ஒன்று. இசக்கிராஜ். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதினாலு பேரும் முடிச்சாத்தான் சூப்பர்வைசர் சான்றிதழ் வருமாம்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“பத்தே நிமிஷம் மாமா,” என்றேன். எனக்கு மூன்று வாய்ப்பும் புதிதாக இருந்தன. இரட்டை வேகத்தில் ஓட்டினேன். பதினொன்று. பரவாயில்லை, விடைகளின் போக்கு பிடிபட்டுவிட்டது என்று உடனே மறுபடி எழுதினேன். அவர்கள் விடைகளின் வரிசையையே மாற்றியிருந்தார்கள். பதினான்கு.

மணி நாலு இருபது.  கரீம் பாட்சா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா மட்டும் பக்கத்தில் வந்து நின்று, சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணுமில்லலே. ஹெல்பருன்னே இருந்துட்டுப் போவுது. நீ பயப்படாத.”

அவர் சொன்னதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மொழியைக் கேட்டது. தமிழைத் தொட்டேன். போனை டம்ளருக்குள் நிறுத்தி, முதல் பாடத்தைத் திறந்து, வேகத்தை முக்காலுக்குக் கொண்டுவந்தேன். “வணக்கம்,” என்றார் விஜயலக்ஷ்மி மேடம், மிகவும் நிதானமாக. பேக்கிங் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு ஆர்டர் சீட்டைத் திருப்பிப்போட்டு, ‘ஐந்து முதல் அறுபது வரை’ என்று எழுதினேன். சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வீடியோவைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன்.